சிறுவயதில் பட்டதும் பைபோலார் நோயின் போக்கும்



தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் வருவார்கள் என்றும் சொன்னார்கள். ஆகவே வகுப்பறைப் பேச்சைக் கூடியவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மனநல வார்டில் புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது கேஸ் ஷீட் எழுதுவோம். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். நடுவில் ‘குழந்தைப் பருவம்’ என்று ஒன்று. அதற்கு நேரே பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கும்: சுகப்பிரசவம், வளர்ச்சி இயல்பு, குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. பிறந்ததும் அழுததா, எந்த மாதத்தில் நடை வந்தது, தடுப்பூசி போட்டார்களா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். அந்த வீட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அதே தாளில் கீழே இன்னும் சில கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும்: எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம். ‘இது மனநல வார்டு, இதெல்லாம் மெடிசின்காரர்கள் பார்ப்பது’ என்று ஒரு பழக்கம். மேலே காலியாக இருக்கும் இடத்துக்கும் கீழே காலியாக இருக்கும் இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பைபோலார் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் சிரித்து மாலையில் எரிந்து விழுகிற நண்பனை ‘அவன் ஒரு பைபோலார்டா’ என்று இளைஞர்கள் இப்போது சொல்கிறார்கள். அது நோயல்ல, குணம். பைபோலாரில் ஒரு மனநிலை ஆளை நாட்கணக்கில், வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். மேனியா வந்தவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கமே அதிகம். பேச்சு நிற்காது. தெரியாத தொழிலுக்குக் கடை பிடித்து அட்வான்ஸ் கொடுப்பார், மனைவியின் நகையை அடகு வைப்பார், முதலமைச்சருக்கு யோசனை சொல்லிக் கடிதம் எழுதுவார். பிறகு மனச்சோர்வு. அப்போது பல் துலக்க எழுந்திருப்பதே பெரும்பாடு. இந்த இரண்டையும் ஒரே நோயின் இரண்டு கட்டங்களாக ஜெர்மனியின் எமில் கிரெப்பலின் 1899இல் தொகுத்து வைத்தார். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. அதன்படி இருநூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இந்த நோய் வந்திருக்கிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

மனநோய்களிலேயே பரம்பரையின் பங்கு மிக அதிகமாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதில் 60 முதல் 85 சதவீதம் வரை மரபணுவின் பங்கு இருக்கலாம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் என் தலைமுறை மருத்துவர்கள் குழந்தைப் பருவத்தைப் பெரிதாகக் கிளறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 1948இல் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பைச் சுட்டி எழுதினார். அதன் பிறகு ஒரு தலைமுறை முழுக்கத் தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஆட்டிசத்துக்கும் அதே கதை நடந்தது. பிள்ளைக்கு நோய் என்ற துக்கத்தோடு வந்தவர்களிடம் ‘நீதான் காரணம்’ என்று சொல்லி அனுப்பிய காலம் அது. அந்த வெட்கத்தில் மனநல மருத்துவம் பிறகு எதிர்ப்பக்கம் ஓடியது. மூளை, மரபணு, மாத்திரை. வீட்டைப் பற்றிப் பேசினாலே பழைய பாவம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கேள்வியையே விட்டுவிட்டோம்.

கேள்வி திரும்பி வந்தது மனநல மருத்துவர்கள் வழியாக அல்ல. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்ற காப்பீட்டு மருத்துவ நிறுவனத்தில், 1980களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற பொதுமருத்துவர் உடல் பருமனுக்கு ஒரு கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். எடை குறையாதவர்கள் பாதியில் நின்றால் புரிந்துகொள்ளலாம். அங்கே நன்றாக எடை குறைந்துகொண்டு வந்தவர்களே சொல்லாமல் கொள்ளாமல் நின்றார்கள். ஏன் என்று அறிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். பிறந்தபோது எடை என்ன, பள்ளியில் சேர்ந்தபோது என்ன, என்று போகிற கேள்விகள். ஒரு பெண்ணிடம், முதன்முதலில் உடலுறவு நேர்ந்தபோது வயதென்ன என்று கேட்பதற்குப் பதில் வாய் தவறி எடை என்ன என்று கேட்டுவிட்டார். அவர் சொன்ன பதில் 40 பவுண்டு. பதினெட்டு கிலோ. தகப்பனால் நேர்ந்தது என்று அடுத்த வரியில் சொல்லி அழுதார்.

அதன் பிறகு கேட்டுப் பார்த்தால் அதே மாதிரிக் கதைகள் மேலும் மேலும் வந்தன. சிலருக்குப் பருமன் ஒரு பாதுகாப்பு; ஆண்களின் கண் படாமல் இருக்க அது உதவியது, எடை குறைந்ததும் பயம் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவும் ஃபெலிட்டியும் சேர்ந்து, அந்த நிறுவனத்தின் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் கேள்வித்தாள் வழியாக விசாரித்தார்கள். முதல் கட்டுரை 1998இல் வெளிவந்தது. அடி, வசவு, பாலியல் தொல்லை, தாயை அடிக்கும் வீடு, குடிக்கும் பெற்றோர், மனநோயுள்ள குடும்பத்தார், சிறை சென்றவர் என்று சில வகைகள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோயும் தற்கொலை முயற்சியும் மனச்சோர்வும் ஒன்றும் படாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை. மருத்துவ உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது அது மட்டுமல்ல. இதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவையும் இதே படிக்கட்டில் ஏறின. இவர்கள் சேரிவாசிகளோ அகதிகளோ அல்லர். படித்த, வேலையில் இருந்த, காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தார்.

பைபோலாருக்கு வருவோம். ஸ்டான்லி அறக்கட்டளையின் ஆதரவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைபோலார் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஒரு கூட்டமைப்பு இருந்தது. கேப்ரியல் லெவெரிச்சும் ராபர்ட் போஸ்ட்டும் அதில் 631 நோயாளிகளின் விவரத்தை 2002இல் வெளியிட்டார்கள். சிறுவயதில் அடியோ பாலியல் தொல்லையோ பட்டவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே தொடங்கியிருந்தது. மேனியாவும் சோர்வும் வேகவேகமாக மாறி வந்தன. தற்கொலை முயற்சி கூடுதல். பின்னால் அதே குழு இரு கண்டத்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்க நோயாளிகளுக்கு நெதர்லாந்து, ஜெர்மனி நோயாளிகளைவிட நோய் சீக்கிரமே தொடங்கியிருப்பதும், சிறுவயதுத் துன்பம் அவர்களிடம் கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. மரபணு காரணமாகவும் இருக்கலாம், சமூகம் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே பெயருள்ள நோய் இரண்டு இடத்தில் இரண்டு வயதில் தொடங்குகிறது என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

2016இல் இங்கிலாந்தின் ஜாஸ்பர் பால்மியர்-கிளாஸ் குழுவினர் பத்தொன்பது ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டால், பைபோலார் உள்ளவர்களிடம் சிறுவயதுத் துன்பம் இருந்திருக்கும் வாய்ப்பு 2.63 மடங்கு. இதில் எந்த வகைத் துன்பம் முன்னால் நின்றது என்று நினைக்கிறீர்கள்? அடி அல்ல. வசவு. மனத்தைக் குத்திக் குத்திச் சிறுமைப்படுத்தும் பேச்சு. அதற்கு மட்டும் நான்கு மடங்கு. அந்த ஆய்வில் உள்ளவர்கள் என்னென்ன கேட்டு வளர்ந்தார்களோ, நம் ஓபியில் நான் கேட்பவை எனக்குத் தெரியும். ‘தண்டச்சோறு.’ ‘நீ பொறந்த நேரந்தான் உங்கப்பன் தொழில் படுத்துச்சு.’ ‘உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மியைப் பெத்திருந்தா துவையலாவது அரைச்சிருப்பேன்.’ இதை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். வீட்டுக்கு வந்த மாமாவும் சிரிப்பார். ஒருமுறை சொன்னால் அது கோபம். பத்து ஆண்டு காலம் தினமும் கேட்டால், கேட்கிற குழந்தைக்கு அதுவே தன்னைப் பற்றிய செய்தி ஆகிவிடுகிறது. மனச்சோர்வு கட்டத்தில் ‘நான் இருந்து யாருக்கு என்ன லாபம்’ என்று அவர் சொல்லும்போது, அந்த வாக்கியம் மூளையிலிருந்து மட்டும் வரவில்லை.

அதே 2016இல் ஜெசிகா ஆக்னியூ-பிளேஸும் ஆண்ட்ரியா டனீஸியும் முப்பது ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதையே உறுதி செய்தது: மேனியா கடுமை, சோர்வு கடுமை, பிரமைகள் கூடுதல், கூடவே மது, பதற்றம். நோய் வருமா வராதா என்பதைவிட, வந்த நோய் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் சிறுவயது தன் கையைக் காட்டுகிறது. என் அனுபவமும் அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று எதிர்வாதம் செய்ய வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் உள்ள பெற்றோர்கள் தூக்கம் கெட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு பேர் அடிபட்டிருந்தார்கள். பாதிப்பேர் மனம் நோகும்படி நடத்தப்பட்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதாவதொரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். அடிதான் காரணம் என்றால் நம் நாட்டில் வகுப்புக்கு வகுப்பு பாதிப் பிள்ளைகளுக்கு பைபோலார் இருக்க வேண்டும். இருநூறில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதே இல்லை. எந்தத் துன்பமும் படாமல், பாட்டி மடியிலேயே வளர்ந்தவருக்கும் வருகிறது.

அடுத்தது, ஞாபகம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பெரியவர்களை உட்கார வைத்துச் சிறுவயதைக் கேட்டவை. 2019இல் ஜெசி பால்ட்வினும் டனீஸியும் பதினாறு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். குழந்தையாக இருந்தபோதே பதிவான கொடுமைகள் ஒரு பக்கம், வளர்ந்தபின் அவர்களே சொன்னவை மறுபக்கம். இரண்டும் பொருந்தவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. பதிவானவர்களில் 52 சதவீதத்தினர் வளர்ந்தபின் அதைச் சொல்லவில்லை. வளர்ந்தபின் சொன்னவர்களில் 56 சதவீதத்தினருக்கு அன்றைய பதிவில் எதுவும் இல்லை. யாரும் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பதிவேட்டுக்கு வராத கொடுமைதான் அதிகம். மறக்க விரும்பி மறந்தவர்களும் உண்டு. மனச்சோர்வில் இருப்பவருக்குப் பழைய நினைவெல்லாம் இருட்டாகவே தெரியும், இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. தகப்பனுக்கே பைபோலார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை இல்லை. அவர் மேனியாவில் வீட்டை விற்பார், சோர்வில் குடிப்பார், குடித்துவிட்டு அடிப்பார். பிள்ளைக்கு அடியும் அவரிடமிருந்து வருகிறது, மரபணுவும் அவரிடமிருந்தே வருகிறது. இருபது வயதில் பிள்ளைக்கு நோய் வந்தால் எதைச் சொல்வது? போதாததற்கு, பிறவியிலேயே துறுதுறுவென்று, அடங்காமல், சட்டென்று கோபிக்கிற குழந்தைதான் நம் பள்ளிகளில் அதிகம் அடி வாங்குகிறது. அப்போது குணம் முந்தியா, அடி முந்தியா? இந்தக் குழப்பங்களையெல்லாம் கூடியவரை கழித்துப் பார்க்க, உடன்பிறந்தாரையும் இரட்டையரையும் ஒப்பிடுவது போன்ற முறைகளைக் கையாண்ட ஆய்வுகளை மட்டும் பால்ட்வின் 2023இல் தொகுத்தார். பொதுவான மனநலப் பாதிப்பில் சிறுவயதுக் கொடுமையின் பங்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மறைந்துபோகவில்லை. நான் நிற்கும் இடம் அந்த மீதிப் பாதிதான்.

அந்த மீதி எப்படி உடம்புக்குள் போகிறது?

கனடாவில் மான்ட்ரியல் நகரின் மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி என்பவர் எலிகளை வைத்து ஆராய்ந்தார். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும், சில அவ்வளவாகக் கவனிக்காது. நன்றாக நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் பயந்தால் சீக்கிரம் தணிந்துவிடும். மற்றவை நெடுநேரம் பதறிக்கொண்டே இருக்கும். இது பரம்பரையா, வளர்ப்பா? குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கவனிக்காத தாய்க்குப் பிறந்து, கவனிக்கிற தாயிடம் வளர்ந்த குட்டிகள் நிதானமாக வளர்ந்தன. 2004இல் அதன் வேதியியலையும் காட்டினார்கள்: கார்டிசால் போன்ற அழுத்த ஹார்மோனை உணர்ந்து ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவின்மேல், தாயின் கவனிப்பைப் பொறுத்து ஒரு ரசாயனக் குறி விழுகிறது. எழுத்து மாறுவதில்லை, வாசிப்பு மாறுகிறது. மனிதருக்கு இதை அப்படியே பொருத்துவது எளிதல்ல. எலிக்கு முதல் வாரம்தான் எல்லாம், நமக்கு இருபது ஆண்டு வளர்ப்பு. இருந்தாலும், வளர்ப்பு உடம்பில் எழுதப்படும் என்பதற்கு ஒரு வழியாவது தெரிந்தது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். உலகத்திலேயே நான் பொறாமைப்படும் ஆய்வு அது. அவர்களுக்கு 32 வயதானபோது இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் பார்த்தார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் அது. சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. வறுமை, புகை, இப்போதைய மன அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் கூடுதல். இங்கே ஞாபகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது; விவரத்தில் ஒரு பகுதி அன்றே எழுதி வைக்கப்பட்டது. பைபோலார் நோயாளிகளிடமும், குறிப்பாக மேனியாவில், இதே புரதம் கூடுவது தெரிந்ததுதான். அழற்சி இரத்தக் குழாயையும் கெடுக்கும்.

மனநிலைக்கு வருவோம். மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் மிகச் சிறு மின்தூண்டலைத் தினம் தினம் கொடுத்து வந்தால், முதலில் ஒன்றும் நேராத எலிக்கு, போகப்போக அதே சிறு தூண்டலிலேயே வலிப்பு வருவதை 1960களில் கிரஹாம் காடார்ட் கண்டார். ராபர்ட் போஸ்ட் 1992இல் அதை மனநிலை நோய்க்கு எடுத்துவந்தார். ஈரவிறகைப் பற்ற வைக்க மண்ணெண்ணெய் வேண்டும். அடுப்பில் கங்கு கிடந்தால் ஊதினாலே போதும். முதல் மேனியா வரப் பெரிய இழப்போ அதிர்ச்சியோ தேவைப்படும், பிற்பாடு சின்னச் சின்னதற்கெல்லாம் வரும் என்பது அவர் வாதம். எல்லா ஆய்வும் இதை ஆதரிக்கவில்லை. ஆனால் கான்ஸ்டன்ஸ் ஹேமன் குழுவினர் 2006இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறுவயதில் துன்பப்பட்ட பைபோலார் நோயாளிகளுக்கு, மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே நோய் திரும்பி வந்தது. குடும்பத்தார் ‘ஒண்ணுமே நடக்கலை டாக்டர், மாமியார் ஒரு வார்த்தைதான் சொன்னாங்க’ என்று சொல்வதை அதன் பிறகு நான் வேறு காதால் கேட்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூக்கக் குறைவு மேனியாவின் அறிகுறி என்று எல்லோருக்கும் தெரியும். அது காரணமும்கூட என்று தாமஸ் வேர் 1987இல் எழுதினார். பிரசவம், இரவுப் பயணம், துக்க வீடு, திருவிழா என்று தூண்டுதல் எதுவாக இருந்தாலும் எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரே வாசல் வழியாகத்தான் மேனியாவுக்குள் நுழைகின்றன என்பது அவர் கணிப்பு. இனி குடிக்கிற தகப்பன் உள்ள ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். டாஸ்மாக் மூடியபின் அப்பா வரும் நேரம். கதவு தட்டும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய குழந்தை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டுமே என்று அரைத்தூக்கத்தில் கிடக்கும் குழந்தை. சிறுவயதில் கொடுமைப்பட்டவர்கள் பெரியவர்களான பின்னும் சரியாகத் தூங்குவதில்லை என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. பைபோலாருக்கான மரபணுவும், இலேசான சத்தத்துக்கு விழித்துப் பழகிய உடம்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

இனி இடுப்பளவு. சுவீடனில் அறுபத்தைந்து இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து கேசி கிரம்ப் 2013இல் எழுதியது இது. பைபோலார் உள்ள பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 9 ஆண்டுகளும், ஆண்கள் எட்டரை ஆண்டுகளும் முன்னதாக இறந்தார்கள். தற்கொலை ஒரு காரணம்தான். இதயம், சர்க்கரை, நுரையீரல் ஆகியவை பெரும்பகுதி. அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு என்னை உலுக்கியது. இதயநோய், சர்க்கரை போன்றவை முன்பே கண்டறியப்பட்டவர்களிடம், அவற்றால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 1.40 மடங்கு. கண்டறியப்படாதவர்களிடம் 2.38 மடங்கு. பைபோலார் நோயாளி நெஞ்சு வலி என்றால் ‘பதற்றமா இருக்கும்’ என்று அனுப்பிவிடுகிறோம். கிரம்ப் எழுதியது சுவீடனைப் பற்றி. நம் ஓபியில் நடப்பதும் அதுதான்.

ஓலான்சபின் போன்ற மருந்துகள் எடையை ஏற்றும், வால்ப்ரோயேட்டும் ஏற்றும். நோயும் உட்கார வைக்கும். இந்த இரண்டுக்கும் முன்னாலேயே, சிறுவயதுத் துன்பம் அழற்சியும் கலைந்த தூக்கமும் கொண்ட ஓர் உடம்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. ராபர்ட் போஸ்ட் 2013இலும் ஜார்ஜினா ஹோசாங் 2017இலும் தனித்தனியாகக் காட்டியது இதுவே: பைபோலார் நோயாளிகளில், சிறுவயதில் அதிகம் பட்டவர்களுக்கு ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், மூட்டுவலி போன்ற உடல்நோய்களும் அதிகம். தென்னாசிய உடம்புக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அளக்க ஒரு டெய்லர் டேப் போதும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது: குழந்தைப் பருவத்தில் ‘உண்டு’ என்று எழுதினால், அன்றே டேப்பை எடு.

சிகிச்சை என்றதும் பலர் எதிர்பார்ப்பது, ‘இவ்வளவு சொன்னீர்களே, அப்படியானால் மாத்திரை வேண்டாம், பேசினால் போதும்தானே’ என்பதை. இல்லை. லித்தியம் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் அதை மேனியாவுக்குக் கொடுத்துக் காட்டினார். சிங்கப்பூரில் சாங்கி போர்க்கைதி முகாமில் மூன்றரை ஆண்டு கிடந்து திரும்பியவர் அவர். தற்கொலையைத் தடுப்பதில் லித்தியத்துக்கு இணை குறைவு. சிறுவயதில் பட்டவர்களுக்கு அது சற்றுக் குறைவாகவே கேட்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களுக்குத்தான் தற்கொலை ஆபத்தும் அதிகம். ஆகவே அவர்களிடம் மருந்தை விட்டுவிடுவது நியாயமில்லை. கூடுதலாக வேறொன்றும் சேர்க்க வேண்டும். இரத்தத்தில் அளவு, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றைத் தவறாமல் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

கூடுதலாக என்ன? பிட்ஸ்பர்க் நகரின் எலன் ஃபிராங்க், எழுவது, உண்பது, படுப்பது எல்லாவற்றையும் நேரத்துக்குக் கட்டுவதையே ஒரு சிகிச்சையாக வகுத்தார். 175 நோயாளிகளிடம் செய்த சோதனை 2005இல் வந்தது. நோயின் கடுமையான கட்டத்திலேயே அதைத் தொடங்கியவர்களுக்கு அடுத்த தாக்குதல் தள்ளிப்போனது. அமெரிக்காவில் அதற்கு அச்சடித்த படிவம் உண்டு. இங்கே ஓர் அம்மா அதை மாதக் காலண்டரில் செய்தார். பால் கணக்கு எழுதுகிற அதே கட்டத்தின் மூலையில், மகள் தூங்கிய மணி. 7, 7, 6½, 6, 4. நான்கு என்று இரண்டு நாள் வந்தால் அவர் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அடுத்த நாள் காலை ஓபி வாசலில் காலண்டரோடு நிற்பார். நான் பார்த்த மனநிலைப் பதிவேடுகளில் சிறந்தது அதுதான்.

கடைசியாக, கேட்பது எப்படி என்று. ஆண்டா 2020இல் தாமே எச்சரித்தார்: சிறுவயதுத் துன்பத்தைக் கூட்டி மதிப்பெண் போட்டு, தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று. மக்கள் தொகைக்குப் பொருந்தும் கணக்கு, எதிரே இருக்கும் மனிதருக்குப் பொருந்தாது. ஆகவே படிவத்தை நீட்டி டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். அம்மாவையும் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டும் கேட்காதீர்கள். ‘சின்ன வயசுல வீட்ல யாரைப் பார்த்தா பயம்?’ என்ற ஒரு கேள்வி எனக்கு இதுவரை போதுமானதாக இருந்திருக்கிறது. ‘யாருமில்லை’ என்று பதில் வந்தால் அதையும் நம்புங்கள், தோண்டாதீர்கள்.

கேட்காமலே வரும் பதில்தான் கடினம். அடையாளங்களை மாற்றி, பலரை ஒருவராக்கிச் சொல்கிறேன். மேனியாவில் வந்த இளம்பெண், வார்டு முழுக்கக் கேட்கும்படி, சித்தப்பா தன்னை என்ன செய்தார் என்று கத்துகிறாள். கூடவே தான் ஒரு ராணி என்றும், நாளை டெல்லி போவதாகவும் சொல்கிறாள். குடும்பத்தார் கூனிக் குறுகுகிறார்கள். ‘புத்தி பேதலிச்சு உளர்றா டாக்டர்.’ இளம் மருத்துவர் ‘கூச்சமற்ற பேச்சு’ என்று எழுதி முடிக்கிறார். மூன்று வாரத்தில் அவள் தெளிகிறாள். இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. ராணி என்பது பிரமை என்பதால் சித்தப்பாவும் பிரமை ஆகிவிடுவாரா? மேனியா இல்லாததை உண்டாக்கும்; இருப்பதை மூடி வைத்திருக்கும் வெட்கத்தையும் அது எடுத்துவிடும். எது எது என்று அந்த வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதியிட்டு எழுதி வையுங்கள். நம்பிவிட்டதாகவும் எழுத வேண்டாம், பிரமை என்றும் எழுத வேண்டாம். தெளிந்தபின் தனியாக உட்கார வைத்து, ‘நீ அப்போ ஒண்ணு சொன்ன, அதைப் பத்திப் பேசணுமா, வேண்டாமா’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த முறை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. அதைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.

கேஸ் ஷீட்டில் இன்னொரு கேள்வியைச் சேர்க்கும்படி எங்கள் துறையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் அச்சாகவில்லை. அதுவரை மாணவர்கள் கையால் எழுதுகிறார்கள். மேனியாவிலோ சோர்விலோ ஒரு தாயையோ தகப்பனையோ சேர்க்கிறோம் அல்லவா, அவர்களின் பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள், வயதென்ன, பள்ளிக்குப் போகிறார்களா, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களிடம் யாராவது சொன்னார்களா என்ற கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்குப் பரம்பரையின் பங்கை நாம் மாற்ற முடியாது. பெற்றவருக்கு ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் அந்த வீட்டில் அடியும் வசவும் குறையும். அது நம் கையில் இருக்கிறது. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் நாளில் பிள்ளைகளையும் ஒருமுறை வரச் சொல்லி, அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி அனுப்புகிறோம். ‘எனக்கும் வருமா?’ என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ‘வராமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தூக்கம் கெட்டால் உடனே எங்களிடம் வா’ என்று சொல்கிறோம். இரவில் கூப்பிட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் எழுதிக் கொடுக்கிறோம்.